முதல் கமிட்டுக்கு முன்: நிரல் ஃபார்மேட்டரை அமைக்கும் முறை

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் மூன்று வரியைத் திருத்தி, கமிட்டாகப் பதிந்து, புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) அனுப்புகிறார். ரிவியூ திரையில் நானூறு வரி சிவப்பும் பச்சையுமாக நிற்கிறது. பங்சார் சவுத் அலுவலகமோ, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையோ, இது நடக்காத குழு அரிது. காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். உங்கள் எடிட்டர் சேமிக்கும்போதே கோப்பு முழுவதையும் தன் விருப்பப்படி அடுக்கியிருக்கும். அல்லது விண்டோஸ் வரிமுடிவுகளை மாற்றியிருக்கும். அல்லது உங்களிடம் உள்ள ஃபார்மேட்டரின் (நிரலின் இடைவெளி, வரிமுறிவைத் தானே அடுக்கும் கருவி) வெர்ஷன் குழுவினுடையதாக இருக்காது. மூன்றையும் முதல் நாளிலேயே தடுத்துவிடலாம்.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் வழக்கம்போல் ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

ஃபார்மேட்டர் எதைத் தொடும், எதைத் தொடாது

ஜாவாஸ்கிரிப்ட்டுக்கான பிரிட்டியர், பைத்தானுக்கான பிளாக், கோ மொழியின் ஜிஓ-எஃப்எம்டி போன்றவை நிரலைப் படித்து, அதன் இலக்கண அமைப்பை மட்டும் வைத்துக்கொண்டு, இடைவெளி, வரிமுறிவு எல்லாவற்றையும் புதிதாக எழுதுகின்றன. நிரலின் பொருள் மாறாது. பிளாக் ஒரு படி மேலே போய், எழுதி முடித்ததும் பழைய அமைப்பும் புதிய அமைப்பும் ஒன்றுதானா என்று தானே சரிபார்க்கும். வேகத்துக்காக அந்தச் சோதனையை அணைக்கும் ‘ஃபாஸ்ட்’ தெரிவும் உண்டு, அதைத் தொடாதீர்கள்.

லிண்ட்டர் வேறு வேலைக்காரர். பயன்படுத்தாத மாறி, பிடிக்கப்படாத பிழை, தவறான ஒப்பீடு போன்றவற்றை அவர் பார்ப்பார். இருவருக்கும் ஒரே வேலையைக் கொடுத்தால் ஒருவர் போட்ட இடைவெளியை மற்றவர் குறை சொல்வார். ஜாவாஸ்கிரிப்ட் லிண்ட்டரான ஈஎஸ்லிண்ட் 2023-இல் தன் இடைவெளி, அரைப்புள்ளி விதிகளைக் கைவிடப்பட்டவை என்று அறிவித்தது. பழைய கான்ஃபிக்கில் (அமைப்புக் கோப்பில்) அவை இன்னும் இருந்தால், ‘ஈஎஸ்லிண்ட்-கான்ஃபிக்-பிரிட்டியர்’ பொதியைப் பட்டியலின் கடைசியில் சேர்த்தால் போதும். மோதும் விதிகளை அது அணைத்துவிடும்.

பெயர்களை இரண்டும் சரிசெய்யாது. பாதி ஆங்கிலம், பாதி மலாய் என்று ‘டோட்டல்ஹார்கா’, ‘ஜும்லாஐட்டம்’ போன்ற மாறிப் பெயர்கள் மலேசிய ரெப்போக்களில் (நிரல் களஞ்சியங்களில்) சகஜம். அது குழு பேசி முடிவு செய்ய வேண்டியது. ரீட்மீயில் இரண்டு வரி எழுதி வைத்தால் போதும்.

இதெல்லாம் வெறும் அழகுக்கா என்று கேட்பவர்களுக்கு 2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமாக அடைத்த பாதுகாப்பு ஓட்டையைக் காட்டலாம். ‘கோ-டூ ஃபெயில்’ (பிழை கையாளும் இடத்துக்குத் தாவு) என்ற வரி தவறுதலாக இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது. இரண்டாவது வரி ‘இஃப்’-க்குக் கீழே அடங்கியதுபோல் உள்தள்ளி நின்றது. உண்மையில் எப்போதும் இயங்கியது. ஃபார்மேட்டர் அந்தப் பிழையைத் திருத்தியிருக்காது. ஆனால் இரண்டாவது வரியை இடப்பக்கம் இழுத்துவிட்டிருக்கும். ரிவியூ செய்பவர் கண்ணுக்குத் தப்பியிருக்காது.

முதல் நாள்: திறப்பதற்கு முன் பாருங்கள்

ரெப்போவின் வேர்க் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் கோப்புகளைப் பட்டியலிடுங்கள். மேக் ஃபைண்டரில் அவை தெரியாது; டெர்மினலில் ‘எல்எஸ்’ கட்டளையுடன் ‘ஏ’ தெரிவைச் சேருங்கள். எடிட்டர்கான்ஃபிக், பிரிட்டியர்-ஆர்சி, சி நிரலுக்கான கிளாங்-ஃபார்மேட், பிரீ-கமிட்-கான்ஃபிக், கிட்-ஆட்ரிபியூட்ஸ் ஆகியவற்றில் எது இருக்கிறது என்று பாருங்கள். பைத்தானாக இருந்தால் பைபுராஜெக்ட் டாமல் கோப்பில் பிளாக் அல்லது ரஃப் (இன்னொரு பைத்தான் கருவி) பகுதி இருக்கிறதா என்று தேடுங்கள்.

அடுத்து எடிட்டர். விஎஸ் கோடில் ‘ஃபார்மேட் ஆன் சேவ்’ தெரிவை உங்கள் சொந்த அமைப்பில் அணைத்து வையுங்கள். ரெப்போவின் விஎஸ்கோட் கோப்புறையில் குழு அதை இயக்கியிருந்தால் அங்கே மட்டும் வேலை செய்யும். பிரிட்டியர் எக்ஸ்டென்ஷனில் ‘ரிக்வயர் கான்ஃபிக்’ என்ற தெரிவு உண்டு. அதை இயக்கினால், கான்ஃபிக் கோப்பு இல்லாத ரெப்போவில் அது கையை வைக்காது. இந்த ஒரு தெரிவே நானூறு வரிச் சங்கடத்தில் பாதியைத் தவிர்க்கும்.

பிறகு, எதையும் மாற்றாமல் ஃபார்மேட்டரைச் சோதனை முறையில் ஓட்டுங்கள். பிரிட்டியரிலும் பிளாக்கிலும் ‘செக்’ தெரிவு. ரஃபில் ‘ரஃப் ஃபார்மேட்’ உடன் அதே ‘செக்’. கிளாங்-ஃபார்மேட்டில் ‘டிரை-ரன்’ உடன் ‘டபிள்யூ-எரர்’. எல்லாம் சுத்தம் என்று வந்தால் வேலையைத் தொடங்கலாம். ஆயிரக்கணக்கான கோப்புகளில் பிழை என்று வந்தால் வெர்ஷன் வேறு, இல்லையென்றால் குழு அந்தக் கருவியை உண்மையில் பயன்படுத்துவதில்லை. நல்ல எண்ணத்தில் நீங்களே எல்லாவற்றையும் சரிசெய்து அனுப்பிவிடாதீர்கள். லீடிடம் ஒரு வரி கேட்டால் போதும்: “அக்கா, இந்த ரெப்போவுக்கு பிரிட்டியர் எந்த வெர்ஷன்? எனக்கு எல்லா ஃபைலிலயும் கமா மாறுது, நான் எதையும் கமிட் பண்ணல.”

கமா மாறுவது நல்ல துப்பு. பிரிட்டியர் 3 (2023) வந்தபோது கடைசிக் கமாவின் இயல்புநிலை மாறியது. அதற்கு முன் பட்டியல்கள், ஆப்ஜெக்ட்களுக்கு மட்டும் போட்டது. இப்போது ஃபங்ஷன் அழைப்புகளுக்கும் போடும். குழு 2-இல் இருக்க, உங்கள் மடிக்கணினியில் குளோபலாக 3 இருந்தால் பாதி ரெப்போ மாறும். ஃபார்மேட்டரைக் குளோபலாக நிறுவாதீர்கள். என்பிஎம்மில் ‘சேவ்-எக்ஸாக்ட்’ தெரிவுடன் நிறுவி, வெர்ஷன் எண்ணுக்கு முன் கேரட் குறி (^) இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பிளாக் தன் நிலையான பாணியை ஓர் ஆண்டுக்குள் மாற்றுவதில்லை; மாற்றங்கள் ஜனவரி வெளியீட்டில் வரும். எனவே டிசம்பரில் நிறுவியவரும் பிப்ரவரியில் நிறுவியவரும் ஒரே குழுவில் சண்டை போட நேரும்.

பினாங்கில் ஃபர்ம்வேர் எழுதும் குழுக்களுக்கு இது இன்னும் கடுமை. உபுண்டுவில் வரும் கிளாங்-ஃபார்மேட் வேறு, மேக்கில் ஹோம்புரூ தருவது வேறு, ஐடிஇயோடு ஒட்டி வருவது இன்னொன்று. ஒரே கான்ஃபிக் கோப்புக்கு மூன்றும் மூன்று விதமாகப் பதில் சொல்லும். பைத்தான் பொதிக் களஞ்சியத்தில் ‘கிளாங்-ஃபார்மேட்’ என்ற பெயரிலேயே பொதி கிடைக்கிறது. அதில் ஒரு வெர்ஷனைக் குறித்து எல்லாரும் அதையே நிறுவுவதுதான் குறைந்த தொல்லை.

வரிமுடிவு

விண்டோஸ் வரியை இரண்டு குறிகளால் முடிக்கும். லினக்ஸும் மேக்கும் ஒன்றால். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட்டுக்குத் தெரியும். ஒரு கோப்பின் எல்லா வரிகளும் மாறியதாகக் காட்டினால் முதலில் ‘கிட் டிஃப்’ உடன் ‘டபிள்யூ’ தெரிவைச் சேர்த்துப் பாருங்கள். மாற்றம் மறைந்துவிட்டால் பிரச்சினை வெற்றிடத்தில்தான் இருக்கிறது. ‘கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்’ உடன் ‘ஈஓஎல்’ தெரிவு ஒவ்வொரு கோப்பும் ரெப்போவில் எப்படி, உங்கள் வட்டில் எப்படி என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டும்.

தீர்வு ஒவ்வொருவர் கணினியிலும் ‘ஆட்டோ-சிஆர்எல்எஃப்’ அமைப்பது அல்ல. யாராவது ஒருவர் மறப்பார். ரெப்போவின் கிட்-ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் எல்லாக் கோப்புகளுக்கும் ‘டெக்ஸ்ட் ஆட்டோ, ஈஓஎல் எல்எஃப்’ என்று ஒரு வரி, விண்டோஸின் பேட் கோப்புகளுக்கு மட்டும் ‘ஈஓஎல் சிஆர்எல்எஃப்’ என்று இன்னொரு வரி போடுங்கள். பிறகு ‘கிட் ஆட்’ உடன் ‘ரீநார்மலைஸ்’ தெரிவைக் கொடுத்து, அதை மட்டும் தனிக் கமிட்டாக வையுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் ஒருநாள் விண்டோஸில் சேமித்த ஷெல் ஸ்கிரிப்ட் கன்டெய்னருக்குள் ஓட மறுக்கும். ஸ்கிரிப்ட்டை ஓட்டும் பேஷ் இல்லை என்று பிழை வரும், பேஷ் அங்கேயே இருக்கும். முதல் வரியின் கடைசியில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத குறிதான் காரணம்.

எடிட்டர்கான்ஃபிக்கையும் இதே கையோடு போட்டுவிடுங்கள்: யுடிஎஃப்-8, கடைசியில் ஒரு புதுவரி, வரி இறுதி வெற்றிடத்தை அகற்றுதல். இரண்டு விதிவிலக்குகள் அவசியம். மேக்ஃபைலுக்கு டேப் கட்டாயம்; ஸ்பேஸாக மாறினால் பில்ட் நிற்கும். மார்க்டவுனில் வரி இறுதியில் இரண்டு ஸ்பேஸ் வைத்தால் வரி முறியும் என்று பொருள். அகற்றினால் வரிகள் ஒட்டிக்கொள்ளும்.

எந்தப் பாணி?

கருவியின் இயல்புநிலை எதுவோ அது. எங்கள் பரிந்துரை இவ்வளவுதான். பேச்சு தேவைப்படுவது வரி நீளத்துக்கும் டேப்–ஸ்பேஸுக்கும் மட்டும். பைத்தானின் பெப் 8 சொல்வது 79 எழுத்து, பிளாக் 88, பிரிட்டியர் 80, ரஸ்ட்-எஃப்எம்டியும் கூகுளின் ஜாவா ஃபார்மேட்டரும் 100. எதை எடுத்தாலும் உலகம் ஓடும். டேப்புக்கு ஒரு நியாயமான வாதம் உண்டு: பார்வைக் குறைபாடு உள்ளவர் தன் திரையில் அகலத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். குழுவில் அப்படி ஒருவர் கேட்டால் விவாதம் அங்கேயே முடிந்தது. ஜிஓ-எஃப்எம்டி தொடக்கத்திலிருந்தே டேப்தான். பாணிக்கென்று அமைப்புகளே கிடையாது. கோ எழுதுபவர்கள் இந்தச் சண்டையில் மாலையை வீணாக்காததற்கு அதுவே காரணம்.

கருவி போட்டாலும் முடிவு எப்போதும் ஒன்றாக இருக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பிளாக்கில் பட்டியலின் கடைசியில் கமா வைத்தால் ஒவ்வொரு உறுப்பும் தனி வரிக்குப் போகும். பிரிட்டியரில் ஆப்ஜெக்ட்டின் திறப்பு அடைப்புக்குப் பின் நீங்கள் வரி முறித்திருந்தால் அது விரிந்தே இருக்கும். முறிக்காவிட்டால், இடம் இருக்கும்வரை ஒரே வரியில் சுருங்கும். இது பிழை அல்ல. இவற்றைப் பற்றி ரிவியூவில் எழுதாதீர்கள்.

தமிழ் வரிகள் உள்ள ரெப்போ

மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என்று நான்கு மொழிக் கோப்புகளோடு ஓடும் செயலிகளில் தமிழ்க் கோப்பைத் தொடும் பொறுப்பு பெரும்பாலும் தமிழ் தெரிந்த புதியவரிடம்தான் வரும். நீள விதி இங்கே தடுமாறும். ‘வணக்கம்’ நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் ஏழு குறியீடு. யுடிஎஃப்-8இல் 21 பைட். கருவி எதை எண்ணுகிறது என்பதைப் பொறுத்து எல்லை மாறும். தமிழ் வாசகங்கள் நீளமாகவும் இருக்கும். பிளாக் இயல்பாக நீண்ட சரங்களை உடைக்காது. ஆனால் லிண்ட்டரின் ஈ501 நீள விதி அதே வரியைக் குறை சொல்லும். ஃபார்மேட்டர் இருக்கும் இடத்தில் அந்த விதியை அணைத்துவிடுங்கள்.

இதைவிட மோசமானது மொழிபெயர்ப்புக் கோப்பை ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் திருத்தி எழுதும்போது நடப்பது. ஜேசன் டம்ப் இயல்பாக ஆஸ்கி அல்லாத எழுத்தையெல்லாம் ‘யு’வோடு தொடங்கும் எண்களாக மாற்றிவிடும். ஒரு சொல்லைத் திருத்த ஓடிய ஸ்கிரிப்ட் தமிழ்க் கோப்பு முழுவதையும் யாராலும் வாசிக்க முடியாததாக்கும். ஆங்கிலம், மலாய்க் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது என்பதால் மற்றவர்கள் கவனிக்க மாட்டார்கள். ‘என்ஷ்யூர்-ஆஸ்கி’யை ஃபால்ஸ் ஆக்குங்கள்.

இன்னொரு நுணுக்கம்: ‘கொ’வில் உள்ள ஒகர உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் ஒரே மாதிரி இருக்கும், தேடலில் கிடைக்காது. ஃபார்மேட்டர்கள் சரங்களின் உள்ளடக்கத்தைத் தொடாததால் இது அவற்றின் வலையில் சிக்காது. மொழிபெயர்ப்புக் கோப்புகளை என்எஃப்சி (ஒரே குறியீடாகச் சேர்க்கும் யூனிகோட்) வடிவத்துக்கு மாற்றும் சிறு சோதனையைத் தனியாக எழுதி வைப்பது நல்லது.

பழைய ரெப்போவில் முதன்முறையாகக் கொண்டுவருதல்

இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. வரிசை முக்கியம்.

1. கான்ஃபிக், வெர்ஷன், விலக்குப் பட்டியல் மூன்றையும் மட்டும் ஒரு கமிட்டில் சேருங்கள். கருவிகள் தானே உருவாக்கிய கோப்புகள், வெளியார் நிரல், மினிஃபை செய்தவை (இடைவெளி நீக்கிச் சுருக்கியவை), லாக் கோப்புகள் (பொதி வெர்ஷன்களைப் பூட்டி வைப்பவை) ஆகியவை விலக்கில் இருக்க வேண்டும்.

2. அடுத்த கமிட்டில் ஃபார்மேட்டர் செய்த மாற்றம் மட்டும். கையால் ஓர் எழுத்தும் கூடாது. எழுத்துப்பிழை கண்ணில் பட்டாலும் விட்டுவிடுங்கள்.

3. டெஸ்ட்டுகளை ஓட்டுங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் மினிஃபை செய்த பில்டை முன்னும் பின்னும் ஒப்பிடலாம். சி நிரலில் பைனரியை ஒப்பிடும்போது கவனம்: ‘அசர்ட்’ மேக்ரோ வரி எண்ணைப் பதிப்பதால் பொருள் மாறாமலே பைனரி மாறலாம்.

4. மெயினில் மெர்ஜ் ஆன பிறகு இரண்டாவது கமிட்டின் 40 எழுத்து ஹாஷை (அடையாளக் குறியை) ‘கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்’ கோப்பில் எழுதுங்கள்.

நான்காவது படியைத் தனி புல் ரிக்வெஸ்ட்டாகத்தான் செய்ய வேண்டும். ஸ்குவாஷ் மெர்ஜ் (பல கமிட்டுகளை ஒன்றாக்கி இணைத்தல்) செய்யும் குழுவில் மெர்ஜ் ஆனதும் ஹாஷ் மாறிவிடும்; முன்பே எழுதிய ஹாஷ் எதையும் சுட்டாது. ஸ்குவாஷ் ஒன்றாக்கிவிடும் என்பதால் படி ஒன்றும் இரண்டும்கூடத் தனித்தனி ரிக்வெஸ்ட்டாகவே போக வேண்டும். இந்தக் கோப்பின் பலன், ‘கிட் பிளேம்’ போட்டால் ஒவ்வொரு வரிக்கும் ஃபார்மேட் செய்தவர் பெயர் வராமல் உண்மையில் எழுதியவர் பெயர் வரும். கிட் 2.23 (2019) முதல் இது உண்டு. கிட்ஹப் வேர்க் கோப்புறையில் அந்தப் பெயருள்ள கோப்பைத் தானே படிக்கும். உங்கள் கணினியில் ‘பிளேம் டாட் இக்னோர்ரெவ்ஸ்ஃபைல்’ என்ற கிட் அமைப்பை ஒருமுறை போட வேண்டும்.

சி நிரலில் ஒரு தனி எச்சரிக்கை. கிளாங்-ஃபார்மேட்டின் எல்எல்விஎம் பாணி ‘இன்க்ளூட்’ வரிகளை அகர வரிசையில் அடுக்கும். சிப் தயாரிப்பாளர் தந்த ஹெட்டர்கள் ஒன்றுக்குப் பின் ஒன்று வந்தால்தான் கம்பைல் ஆகும் என்றால் பில்ட் உடையும். முதல் முறை ‘சார்ட்-இன்க்ளூட்ஸ்’ஸை அணைத்துவிட்டே ஓட்டுங்கள். ரெஜிஸ்டர் அட்டவணை, பின் வரைபடம் போல நெடுவரிசையாக அடுக்கியவற்றைக் ‘கிளாங்-ஃபார்மேட் ஆஃப்’, ‘ஆன்’ கருத்துரைகளுக்கு நடுவில் வையுங்கள். பைத்தானில் ‘எஃப்எம்டி ஆஃப்’, பிரிட்டியரில் ‘பிரிட்டியர்-இக்னோர்’. ரெப்போவில் இவை நூற்றுக்கணக்கில் பெருகினால் விதி பொருந்தவில்லை என்று அறிக.

எப்போது செய்வது? திறந்த பிராஞ்சுகள் (இன்னும் இணைக்காத வேலைக் கிளைகள்) குறைவாக உள்ள நாளில். தீபாவளிக்கோ சீனப் புத்தாண்டுக்கோ முந்திய மாலை வேண்டாம். உடைந்தால் சரிசெய்ய ஆள் இருக்காது. விடுமுறை முடிந்து திரும்பிய முதல் காலை சரி. சென்னையிலும் குழு இருந்தால் நம் நேரம் அவர்களைவிட இரண்டரை மணி முந்தியது. கோலாலம்பூரில் ஒன்பது மணிக்கு மெர்ஜ் செய்தால் அங்கே ஆறரை. அவர்கள் கணினியைத் திறக்கும்போது வேலை முடிந்திருக்கும்.

பாதியில் நிற்கும் பிராஞ்சை வைத்திருப்பவர் மெயினை நேரடியாக மெர்ஜ் செய்தால் முரண்பாடுகளில் மூழ்குவார். வழி இது: ஃபார்மேட் கமிட்டுக்குச் சற்று முந்திய கமிட்டை முதலில் உங்கள் பிராஞ்சில் மெர்ஜ் செய்யுங்கள், கான்ஃபிக் அதோடு வந்துவிடும். ஃபார்மேட்டரை ஓட்டிக் கமிட் செய்யுங்கள். பிறகு ஃபார்மேட் கமிட்டை ‘எஸ் அவர்ஸ்’ உத்தியோடு மெர்ஜ் செய்யுங்கள். உங்கள் பக்கம் ஏற்கெனவே அடுக்கப்பட்டிருப்பதால் அங்கிருந்து எதுவும் தேவையில்லை. அதன்பின் மெயினை வழக்கம்போல் மெர்ஜ் செய்யலாம். ‘எஸ் அவர்ஸ்’ஸை அந்த ஒரு கமிட்டுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். மெயினின் நுனிக்குப் போட்டால் மற்றவர்கள் வேலையைச் சத்தமில்லாமல் அழித்துவிடும்.

காவல்

சோதனையை மூன்று இடங்களில் வைக்கலாம்: எடிட்டர், கமிட் ஹுக் (கமிட் செய்யும்போது தானே ஓடும் ஸ்கிரிப்ட்), சிஐ (புஷ் செய்த நிரலைத் தானே சோதிக்கும் சர்வர்). முதல் இரண்டும் வசதிக்கு. ‘நோ-வெரிஃபை’ போட்டால் ஹுக்கை யாரும் தாண்டலாம். உண்மையான கதவு சிஐ மட்டும்தான்.

ஹுக்கில் புதியவர்கள் திணறும் இடம் ஒன்றுதான். பிரீ-கமிட் கோப்பைத் திருத்தியதும் கமிட்டை நிறுத்திவிடும், ‘ஃபெயில்ட்’ என்று சிவப்பில் எழுதும். எதுவும் உடையவில்லை. திருத்திய கோப்பை மறுபடி ‘கிட் ஆட்’ செய்து கமிட் செய்தால் போய்விடும். ரெப்போவை குளோன் செய்ததும் ‘பிரீ-கமிட் இன்ஸ்டால்’ ஓட்ட மறந்திருந்தால் ஹுக்கே இருக்காது. சிஐ மட்டும் தோற்றுக்கொண்டே இருக்கும்.

சிஐயில் சோதனை மட்டும் வையுங்கள். அங்கேயே திருத்திக் கமிட் செய்ய விடாதீர்கள். அங்குள்ள தானியங்கி உங்கள் பிராஞ்சில் ஒரு கமிட்டைத் தள்ளிவிட்டால் உங்கள் அடுத்த புஷ் நிராகரிக்கப்படும், ஏன் என்று தெரியாமல் புதியவர் ஃபோர்ஸ் புஷ் செய்வார். கோ ரெப்போவில் இன்னொரு பொறி: ஜிஓ-எஃப்எம்டியை ‘எல்’ தெரிவுடன் ஓட்டினால் சரியில்லாத கோப்புகளைப் பட்டியலிடும், ஆனால் வெற்றி என்றே வெளியேறும். சிஐ பச்சையாகவே இருக்கும். பட்டியல் காலியா என்று ஸ்கிரிப்ட்டில் நீங்கள் சோதிக்க வேண்டும்.

ஃபார்மேட்டரின் வெர்ஷனை உயர்த்தும்போதும் இதே முறைதான். வெர்ஷன் எண்ணுக்கு ஒரு ரிக்வெஸ்ட். அது கொண்டுவரும் மாற்றங்களுக்கு இன்னொன்று. அவை மெர்ஜ் ஆன பின் ஹாஷுக்கு மூன்றாவது. முதலாவது மெர்ஜ் ஆகி இரண்டாவது மெர்ஜ் ஆகும்வரை சிஐ சிவப்பாக இருக்கும் என்பதால் இரண்டையும் முன்கூட்டியே தயாராக வைத்து, அடுத்தடுத்து மெர்ஜ் செய்யுங்கள்.